கணினிக் கேள்வி பதில்: நாணய மாற்றுக் கடையும் கர்லும்

கேள்வி: சிராங்கூன் ரோட்டில் என் மாமா நாணய மாற்றுக் கடை வைத்திருக்கிறார். திரையில் விகிதம் காட்ட பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். விகிதம் தரும் சேவையின் கையேட்டில் இருந்த கர்ல் (curl, இணையத்திலிருந்து தரவை இழுத்து வரும் கருவி) கட்டளையை ஒரே வரியாக ஒட்டி, நிரலுக்குள்ளிருந்து ஷெல்லிடம் (கட்டளை வரியைப் படித்து ஓட்டும் நிரலிடம்) கொடுக்கிறேன். நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது. வாரத்தில் ஒன்றிரண்டு தடவை திரை வெறுமையாகிவிடுகிறது. சில நாள் பழைய விகிதத்திலேயே உறைந்து நிற்கிறது. இன்னொரு விசித்திரம்: சிங்கப்பூர் வெள்ளிக்குக் கேட்டால் அமெரிக்க டாலருக்குத்தான் விகிதம் வருகிறது, நானே வகுத்துக்கொள்கிறேன். அலுவலக நண்பர், "நிரலுக்குள்ளிருந்து கர்லைக் கூப்பிடுவதே அசிங்கம், நூலகத்துக்கு, அதாவது ஆயத்த நிரல் தொகுப்புக்கு, மாறு" என்கிறார். மாறத்தான் வேண்டுமா ஐயா?
– வாசகர், ஈசூன்

பதில்: மாற வேண்டாம் தம்பி. கர்ல் பிறந்ததே உங்கள் மாமா கடை வேலைக்காகத்தான். 1996-ல் ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க், ஐஆர்சி அரட்டையில் நாணய மாற்று விகிதம் சொல்லும் ஒரு தானியங்கி நிரல் வைத்திருந்தார். அதற்கு இணையத்திலிருந்து விகிதங்களை இழுத்து வர ஒரு கருவி தேவைப்பட்டது. பிரேசில்காரர் ரஃபேல் சகூலா எழுதியிருந்த எச்டிடிபிகெட் என்ற குட்டி நிரலை எடுத்து வளர்த்தார். 1998 மார்ச் 20-ல் அது கர்ல் என்ற பெயரில் வெளிவந்தது. 2000 ஆகஸ்டில் அதன் உள்வேலைகள் லிப்கர்ல் என்ற நூலகமாகப் பிரிந்து வந்தன. அதனால் இன்று நீங்கள் கட்டளையைக் கூப்பிட்டாலும் லிப்கர்லைக் கூப்பிட்டாலும் உள்ளே வேலை செய்கிற கை ஒன்றுதான்.

அசிங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்க டாலர் மர்மத்திலிருந்து தொடங்குவோம். நீங்கள் ஒட்டிய முகவரியின் நடுவில் & குறி இருக்கும், அதற்குப் பிறகுதான் எந்த நாணயத்துக்கு விகிதம் வேண்டும் என்பது இருக்கும், சரிதானே? கையேட்டில் முகவரியைச் சுற்றி மேற்கோள் குறி இருந்திருக்கும். பைத்தானுக்குள் ஒட்டும்போது அது கழன்றுபோயிருக்கும். ஷெல்லுக்கு & என்றால் "இதுவரை சொன்னதைப் பின்னணியில் ஓட்டு, மிச்சம் வேறு கட்டளை" என்று பொருள். ஆகவே கர்லுக்குப் போனது பாதி முகவரி. நாணயம் எது என்று சொல்லாததால் சேவை தன் வழக்கமான அமெரிக்க டாலரை எடுத்துக்கொண்டது. மீதிப் பாதி, சமக்குறி போட்ட ஒரு துண்டு. ஷெல் அதை மாறிக்கு மதிப்புக் கொடுப்பதாக நினைத்து, எந்தப் புகாரும் இல்லாமல் 0, அதாவது வெற்றி, என்று வெளியேறியது. அதாவது உங்கள் நிரலுக்குக் கிடைத்த எக்ஸிட் கோட் (கட்டளை எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்) கர்லுடையதே அல்ல! கர்ல் செத்துப் போயிருந்தாலும் உங்களுக்கு "எல்லாம் நலம்" என்றுதான் கடிதம் வந்திருக்கும்.

மருந்து எளிது. ஷெல்லை நடுவிலிருந்து எடுத்துவிடுங்கள். பைத்தானில் வெளிக்கட்டளைகளை ஓட்டும் சப்பிராசஸ் ரன்னுக்கு ஒரே வரியாகக் கொடுக்காமல் பட்டியலாகக் கொடுங்கள்: முதலில் கர்ல், பிறகு ஒவ்வொரு ஆப்ஷனும் தனித்தனி உருப்படி, கடைசியில் முகவரி. அப்போது & குறியும் மேற்கோளும் இடைவெளியும் வெறும் எழுத்துகள்தான். வாடிக்கையாளர் தட்டச்சு செய்த எதையாவது நாளைக்கு அந்த வரியில் ஒட்டினீர்கள் என்றால் ஷெல் வழி இன்னும் ஆபத்து; அரைப்புள்ளி ஒன்று போதும், அதற்குப் பிறகு அவர் எழுதியது உங்கள் கணினியில் கட்டளையாக ஓடும்.

அடுத்து, உறைந்து நிற்பது. இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை பார்த்த காலத்தில், 5 நிமிடத்துக்கு ஒருமுறை பட்டியல் ஒன்றைக் கர்ல் வழியாக அனுப்பும் நிரல் எழுதினேன். ஓர் இரவு 11 மணிக்கு எதிர்முனை சர்வர் இணைப்பை ஏற்றுக்கொண்டு, அப்புறம் வாயே திறக்கவில்லை. காலை 7 மணிக்கு நான் வந்து பார்த்தபோது 90-க்கு மேற்பட்ட கர்ல்கள் வரிசையாகக் காத்துக்கொண்டிருந்தன, தேக்கா சந்தையில் தீபாவளிக்கு முதல் நாள் ஆட்டிறைச்சிக்கு நிற்பது மாதிரி. மேலாளர் கேட்டார், நான் நெட்வொர்க்கின் மேல் பழி போட்டேன். பழி என்னுடையது. இணைப்பு கிடைக்க கர்ல் தானாக 300 விநாடி வரை காத்திருக்கும். இணைப்பு கிடைத்த பிறகு, நீங்கள் சொல்லாத வரை, காலவரம்பே கிடையாது. கனெக்ட்-டைம்அவுட் 5, மேக்ஸ்-டைம் 10 என்று கொடுத்துவிடுங்கள். நேரம் தாண்டினால் எக்ஸிட் கோட் 28 வரும்.

வெறுமையான திரைக்குக் காரணம் இன்னொன்றாக இருக்கலாம். சேவை இடறி 500 என்று ஒரு பிழைப் பக்கத்தை அனுப்பினாலும், கர்லைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. பக்கம் பத்திரமாக வந்து சேர்ந்தது, கோட் 0. அந்தப் பிழைப் பக்கத்தைத்தான் உங்கள் நிரல் விகிதக் கோப்பின் மேல் எழுதியிருக்கும். ஃபெயில் என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் 400-லிருந்து மேலே வரும் பதில்களுக்குக் கோட் 22 கிடைக்கும். 6 வந்தால் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை, 7 என்றால் கதவே திறக்கவில்லை, 60 என்றால் தளத்தின் அடையாளச் சான்றிதழ் சரியில்லை. இந்த 60-ஐப் பார்த்ததும் சான்றிதழ் சோதனையை அணைத்துவிடும் ஆப்ஷனைத் தேடி ஓடாதீர்கள், பணம் சம்பந்தப்பட்ட கடை அது.

வருவதை முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி, கோட் 0 என்று உறுதியானபின் பெயர் மாற்றுங்கள். திரையின் ஓரத்தில் கடைசியாக விகிதம் வந்த நேரத்தையும் காட்டுங்கள். வெறுந்திரையால் மாமாவுக்குச் சங்கடம்தான். பழைய விகிதம் புதிது போல நின்றால் நஷ்டம்.

உங்கள் நண்பர் சொல்லும் நூலகம் ரிக்வெஸ்ட்ஸாக இருக்கும். அது லிப்கர்ல் மேல் கட்டியதல்ல, ஆனால் நல்லதுதான். வேடிக்கை என்னவென்றால், அதிலும் நீங்கள் சொல்லாத வரை காலவரம்பு இல்லை. 500 வந்தாலும் நீங்கள் கேட்காத வரை அது வாய் திறக்காது. நேற்று ஒட்டிய வரிக்குப் பதில் இன்று நூலகத்தைப் போட்டிருந்தால் டாலர் மர்மம் தீர்ந்திருக்கும், மற்ற இரண்டும் அப்படியே இருந்திருக்கும். ஒரு நாளைக்கு 1,440 தடவை கர்லைக் கூப்பிடுவது எந்தக் கணினிக்கும் பாரமில்லை.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டுத் திட்டப்பணி செய்கிறோம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் தரவுத் தளத்திலிருந்து 300 பேருந்து நிறுத்தங்களுக்கு அடுத்து வரும் பேருந்துகளின் நேரத்தை எடுக்கிறோம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கர்லைத் தனியாகக் கூப்பிடுகிறோம். மெதுவாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– மாணவி, தாம்பனீஸ்

பதில்: நீங்கள் மாறுங்கள். மேலே அவருக்குச் சொன்னதற்கு நேரெதிர்தான், ஆனால் உங்கள் கணக்கு வேறு. ஒவ்வொரு தடவையும் புது கர்ல் பிறந்து, சர்வரின் பெயரைத் தேடி, இணைப்பு எடுத்து, மறையாக்கக் கைகுலுக்கல் முடித்து, ஓர் ஐந்திலக்க நிறுத்த எண்ணைக் கேட்டுவிட்டுச் செத்துப் போகிறது. 300 பேர் ஒரே கடைக்கு ஆளுக்கொரு டாக்சி பிடித்துப் போவது போல. லிப்கர்லில் ஒரே கைப்பிடியை (ஹேண்டில், இணைப்பை நினைவில் வைத்திருக்கும் பொருள்) வைத்துக்கொண்டு முகவரியை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டால், திறந்த இணைப்பையே அது மறுபடி பயன்படுத்தும். பைத்தானில் பைகர்ல், பிஎச்பியில் கர்ல் நீட்சி, இரண்டும் லிப்கர்ல்தான். ஒரே கைப்பிடியை ஒரே நேரத்தில் இரண்டு திரெட்டுகளுக்கு (நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகளுக்கு) கொடுக்காதீர்கள், அது மட்டும் கூடாது. ரிக்வெஸ்ட்ஸ் என்றால், இதே போல இணைப்பைத் திறந்து வைத்திருக்கும் செஷனைப் பயன்படுத்துங்கள். சி மொழியில் எழுதுகிறவர் யாராவது குழுவில் இருந்தால், ஓடுகிற கர்ல் கட்டளையோடு லிப்கர்ல் என்ற ஆப்ஷனைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதே வேலைக்கான சி நிரலை அதுவே எழுதித் தரும்.

நீங்கள் கேட்காத ஒன்று. டேட்டாமாலின் அக்கவுண்ட்கீயை, அதாவது உங்கள் கணக்கின் ரகசியச் சாவியை, கட்டளை வரியிலேயே போட்டிருப்பீர்கள். ஓடும் நிரல்களின் பட்டியலைப் பார்க்கத் தெரிந்த யாருக்கும், அதே ஆய்வகக் கணினியில் இருந்தால், அந்தச் சாவி தெரியும். மாறும்வரை சாவியை ஒரு கோப்பில் வைத்து, மற்றவர் படிக்காதபடி பூட்டி, சாவியைச் சுமக்கும் ஹெடரை அந்தக் கோப்பிலிருந்து எடுக்கும்படி கர்லிடம் சொல்லுங்கள்.

கேள்வி: துணைப்பாட நிலையத்துக்கு வருகைப் பதிவு நிரல் எழுதியிருக்கிறேன். மாணவர் பெயரை முகவரியின் நடுவே வைத்துக் கர்ல் வழியாக அனுப்புகிறேன். சீன, மலாய்ப் பிள்ளைகளுக்குச் சரியாகப் போகிறது. நம் பிள்ளைகள் பலருக்கு 404, அதாவது "அப்படிப் பக்கம் இல்லை" என்று, வருகிறது. சிறப்புக் குறிகளை முகவரிக்கு ஏற்றபடி மாற்றும் பைத்தானின் குவோட் கொண்டு குறியேற்றியும் பார்த்துவிட்டேன்.
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: எஸ்/ஓ, டி/ஓ! நம் அடையாள அட்டைகளில் அப்பா பெயருக்கு முன்னால் நிற்கும் அந்தச் சாய்கோடு, முகவரியில் ஒரு புதுப் படியைத் திறந்துவிடுகிறது. குவோட் சாய்கோட்டைத் தொடாமல் விட்டுவிடும், அதன் இயல்பு அப்படி. மாற்றாமல் விட வேண்டிய எழுத்துகளைச் சொல்லும் சேஃப் என்பதற்கு உள்ளே எதுவும் இல்லாத மேற்கோள் கொடுத்தால்தான் அதையும் மாற்றும். மாற்றினாலும் சில சர்வர்கள் மாற்றிய சாய்கோட்டை ஏற்காமல் 404 தருவதுண்டு. பெயரை முகவரியின் நடுவிலிருந்து எடுத்து, போஸ்ட் கோரிக்கையின் உடலில் கர்லின் டேட்டா-யுஆர்எல்என்கோட் ஆப்ஷனோடு அனுப்பிவிடுங்கள். எதிர்முனை நிரலும் உங்களுடையதுதானே, இரண்டு பக்கமும் மாற்ற அரை நாள் ஆகும்.