மேற்பெருநாளத்தில் தெரியும் கருநிழல் இரத்தக்கட்டிதானா?

கேள்வி: அம்மாவுக்கு மருந்து ஏற்றி நெஞ்சு சி.ரி. ஸ்கேன் எடுத்தோம். மேற்பெருநாளத்துக்குள் கருமையாக ஒன்று தெரிகிறது. இரத்தக்கட்டியா?

மட்டக்களப்பில் பல வருடமாக சி.ரி. அறையில் வேலை செய்கிறேன். அப்படித் தெரிவதெல்லாம் கட்டி இல்லை, முதலில் பதறாதீர்கள். மேற்பெருநாளம் என்பது தலையிலும் கைகளிலும் இருந்து வரும் இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெரிய நாளம்.

மாரியில் முகத்துவாரம் வெட்டிவிட்ட பிறகு கரையில் நின்று பார்த்திருப்பீர்கள். வாவியின் கலங்கல் தண்ணீர் கடலுக்குள் போயும் உடனே கலப்பதில்லை. கொஞ்சத் தூரம் தனிக் கோடாகவே ஓடும். மேற்பெருநாளத்திலும் இதுதான் நடக்கிறது. வலக்கையில் ஏற்றிய மருந்து காறை எலும்புக்குக் கீழால் நெஞ்சுக்குள் வருகிறது. இடக்கையிலிருந்து வரும் இரத்தத்தில் மருந்து இல்லை. படத்தில் மருந்து வெள்ளை, வெறும் இரத்தம் சாம்பல். இரண்டும் சந்தித்ததும் வெள்ளைக்குள் சாம்பல் கோடு விழும். இன்னும் கீழே, முதுகுப் பக்கமிருந்து அசைகொஸ் நாளம் வலது மூச்சுக்கிளைக்கு மேலால் வளைந்து வந்து சேரும். அதுவும் வெறும் இரத்தம்தான். மேற்பெருநாளமோ ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர் நீளம். நன்றாகக் கலக்க இடம் போதாது.

சரி, ஊசி ஏன் பெரும்பாலும் வலக்கையில்? இடப்பக்க நாளம் நெஞ்செலும்புக்குப் பின்னால் குறுக்கே, சுமார் 6 சென்ரிமீற்றர் வரவேண்டும். வலப்பக்கத்தது அதில் பாதிகூட இல்லை. இடக்கையில் ஏற்றினால் அந்தக் குறுக்கு நாளத்தில் நிற்கும் அடர்ந்த மருந்து கீற்றுக் கீற்றாக வெளிச்சமடித்து, தலைக்குப் போகும் நாடிகளை மறைத்துவிடும்.

ஒருமுறை வாழைச்சேனைப் பக்கத்து அம்மா ஒருவர், கையில் கனூலாவோடு, "மனே, கட்டியெண்டு மகள் அழுறாள்" என்றார். டொக்டர் இரண்டாவது தொகுதிப் படங்களைத் திறந்தார். மருந்து ஏற்றி 70 செக்கன் கழித்து எடுத்தவை. அதே இடம், அதே நாளம், ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே வெள்ளை. மகளைக் கூப்பிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

உண்மையான கட்டி அப்படி மறையாது. பிந்திய படத்திலும் அதே இடத்தில், விளிம்பு தெளிவாக நிற்கும். வழி அடைபட்டிருந்தால் நெஞ்சுச் சுவரில் சின்ன நாளங்கள் புடைத்து, சுற்றுவழி பிடித்திருக்கும். அதனால் பிந்திய படம் எடுத்தார்களா என்று டொக்டரிடம் கேளுங்கள். அம்மாவுக்கு டயலிசிஸுக்கோ வேறெதற்கோ கழுத்து வழியாகக் குழாய் போட்டிருந்தால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள். முகமோ கழுத்தோ வீங்கினால், படத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.