குப்பி காலியாக வந்ததா?

கேள்வி: செல்களின் வளர்ச்சியையும் உருவத்தையும் மாற்றும் சமிக்ஞைப் புரதமான மனித டிஜிஎஃப்-பீட்டா 1, 10 மைக்ரோகிராம் வாங்கினோம். குப்பிக்குள் தூளே தெரியவில்லை. இருந்தாலும் பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) ஊற்றிக் கரைத்து, ஏ549 என்ற மனித நுரையீரல் புற்றுச் செல்களுக்கு மி.லி.க்கு 5 நானோகிராம் கொடுத்தோம். மூன்று நாளாகியும் செல்கள் அப்படியே இருக்கின்றன. ஏமாற்றிவிட்டார்களா?
– ஆராய்ச்சி மாணவி, காட்பாடி

பதில்: ஏமாற்று என்று சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. 10 மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்கு. பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்தின் ஆல்புமின் புரதம்) சேர்க்காமல் உறையவைத்து உலர்த்தியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. மூடியிலும் சுவரிலும் ஒட்டியிருக்கும். அதனால் திறக்கும் முன் மைக்ரோ சென்ட்ரிஃபியூஜில் அரை நிமிடம் சுற்றி அடியில் இறக்கிவிட வேண்டும்.

எனக்குச் சந்தேகம் பிபிஎஸ் மீதுதான். பல புரதங்களுக்கு ஒத்துவரும் அந்த பஃபர் இதற்கு ஆகாது. நடுநிலை பிஹெச்சில் டிஜிஎஃப்-பீட்டா சரியாகக் கரையாமல் திரளும், பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் 5 நானோகிராம் என்று கணக்கு எழுதியிருப்பீர்கள். செல்லுக்குப் போனது அதில் எவ்வளவோ! அமிலத்தில்தான் இது ஒழுங்காகக் கரையும்.

1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 40 மைக்ரோலிட்டர் எடுத்து, தண்ணீர் சேர்த்து 10 மி.லி. ஆக்குங்கள், 4 மில்லிமோலார் கிடைக்கும். அதில் 10 மி.கி. பிஎஸ்ஏ கரைத்து 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டுங்கள். வடிகட்டுவது இந்தக் கட்டத்தில்தான். புரதம் சேர்த்த பிறகு வடிகட்டினால் அதில் ஒரு பங்கு ஃபில்டரிலேயே தங்கிவிடும். இந்தக் கரைசலில் 1 மி.லி.யைக் குப்பியில் விட்டு, வோர்டெக்ஸ் கருவியில் வேகமாகக் குலுக்காமல் மெல்லச் சாய்த்துச் சுழற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். இப்போது மி.லி.க்கு 10 மைக்ரோகிராம். 10 மி.லி. மீடியத்துக்கு 5 மைக்ரோலிட்டர் போட்டால் நீங்கள் கேட்ட 5 நானோகிராம் அளவு வந்துவிடும். அவ்வளவு சொற்ப அமிலம் மீடியத்தின் பிஹெச்சை அசைக்காது. ஆனாலும் ஒப்பிட வைக்கும் கன்ட்ரோல் கிண்ணத்துக்குப் புரதம் இல்லாத அதே கரைசலை அதே அளவு விட மறக்காதீர்கள்.

இன்னொன்று, உங்கள் மீடியத்தில் 10 சதவீதம் சீரம் இருக்கிறதா? கன்றுக்குட்டி சீரத்திலும் டிஜிஎஃப்-பீட்டா உண்டு, பெரும்பாலும் செயலடங்கிய வடிவில். மாட்டுடையதும் மனிதனுடையதும் முதிர்ந்த புரதத்தில் ஓர் எழுத்துகூட மாறாது, ஆகவே செல்லுக்கு இரண்டும் ஒன்றே. முந்தின இரவே சீரத்தை 0.5 சதவீதத்துக்குக் குறைத்துவிட்டுப் புரதம் கொடுங்கள்.

மூன்று நாள் காத்திருந்து ஏமாறுவதற்குப் பதில், புரதம் கொடுத்து 30 முதல் 60 நிமிடத்தில் செல்களை உடைத்து, பாஸ்போ-ஸ்மாட்2-வுக்கு (டிஜிஎஃப்-பீட்டாவின் சமிக்ஞை கிடைத்ததும் செல்லுக்குள் பாஸ்பேட் ஏறும் புரதம்) வெஸ்டர்ன் பிளாட் போடுங்கள், அது புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை. பட்டை எழும்பினால் புரதம் உயிரோடு இருக்கிறது. கோளாறு செல்லிலோ கால அளவிலோ. டிஜிஎஃப்-பீட்டா சமிக்ஞையைத் தடுக்கும் எஸ்பி-431542 என்ற தடுப்பானை 10 மைக்ரோமோலார் சேர்த்த கிண்ணத்தில் அந்தப் பட்டை மறைய வேண்டும். கன்ட்ரோலிலேயே பட்டை பளிச்சென்று இருந்தால் முதலில் சீரத்தைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: கத்திரி வெயிலில் டிஜிஎஃப்-பீட்டா பார்சல் வந்தது. ஐஸ் பேக் முழுக்க உருகியிருந்தது. திருப்பி அனுப்பலாமா?
– குடியாத்தம்

பதில்: உலர்ந்த நிலையில் இருந்தால் பதற வேண்டாம். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டினாலும், உலர்ந்த டிஜிஎஃப்-பீட்டா வழியில் ஓரிரு நாள் சூட்டைப் பொதுவாகத் தாங்கும். ஈரம்தான் எதிரி. ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் திறந்தால் குப்பிக்குள் வியர்த்துவிடும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். கவலைப்பட வேண்டியது கரைத்த பிறகு. 20 மைக்ரோலிட்டராகப் புரதம் ஒட்டாத ட்யூப்களில் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள், உருக்கியதைத் திரும்ப உறையவைக்காதீர்கள். தானாகப் பனி நீக்கும் வீட்டு ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். அது அவ்வப்போது சூடேறும்.

கேள்வி: 'மனிதப் புரதம்' என்கிறார்களே, யார் ரத்தத்திலிருந்து எடுப்பது?
– ஆசிரியர், ஆரணி

பதில்: யார் ரத்தமும் இல்லை. 1980களின் தொடக்கத்தில் மனிதத் தட்டணுக்களிலிருந்து பிரித்தார்கள். 1985-இல் மரபணு வரிசை தெரிந்ததும் அந்தத் தேவை போயிற்று. இப்போது மனித மரபணுவைச் சீன வெள்ளெலிக் கருப்பைச் செல்களிலோ, ஹெச்இகே293 என்ற மனிதச் சிறுநீரகச் செல்களிலோ புகுத்தி வளர்க்கிறார்கள். 390 அமினோ அமிலம் கொண்ட நீளச் சங்கிலி உருவாகி, வெட்டுப்பட்டு, 112 அமினோ அமிலத் துண்டுகள் இரண்டு இணைந்து 25 கிலோடால்டன் ஜோடியாகிறது. ஒவ்வொரு துண்டிலும் 9 சிஸ்டீன்கள். இவை சரியான துணையோடு கந்தகப் பிணைப்பு போட வேண்டும், ஈ.கோலை பாக்டீரியாவில் அது எளிதில் அமையாது, புரதம் கட்டியாகத் திரண்டுவிடும். விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரைப் புண். இந்தப் புரதத்தைத் தடவினால் ஆறுமா?
– ராணிப்பேட்டை

பதில்: தடவவே கூடாது. 'ஆய்வுக்கு மட்டும்' என்று அச்சிட்ட குப்பி மருந்துத் தரத்தில் தயாரானதல்ல. அதோடு டிஜிஎஃப்-பீட்டா கொலாஜனைக் கூட்டித் தழும்பையும் இறுக்கத்தையும் வளர்க்கும். சர்க்கரைப் புண்ணுக்கு மருந்தாக வந்தது வேறு புரதம்: பிடிஜிஎஃப்-பிபி என்ற வளர்ச்சிக் காரணியின் ஜெல், அமெரிக்காவில் 1997-இல் அனுமதி பெற்றது. அதுவும் ரத்த ஓட்டம் பார்த்து, அழுகிய சதையை நீக்கிய பிறகு டாக்டர் சொன்னால்தான். இந்த வாரமே புண்ணை டாக்டரிடம் காட்டுங்கள்.