டைப் ரேட்டிங் தொடங்க எட்டு வாரம் இருக்கிறது: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். மகள் விமானி உரிமம் வாங்கிவிட்டாள், விமான நிறுவனமும் அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டது. எட்டு வாரம் கழித்து ஏர்பஸ் ஏ320 விமானத்துக்கான டைப் ரேட்டிங் பயிற்சி தொடங்குகிறது. பார்ப்பவர்கள் எல்லாம் "இனி என்ன கவலை" என்கிறார்கள். அவளோ காலையிலிருந்து இரவு வரை டேப்லெட்டில் கையேட்டைப் படித்துவிட்டு, "எதுவுமே மனசில் நிற்கலைம்மா" என்று அழுகிறாள். "இவளால் முடியுமா, உண்மையைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். பள்ளி இறுதி ஆண்டிலிருந்து எனக்குத் தெரிந்த பெண் அவள், அந்த உரிமையில் சொல்கிறேன். ஆனால் இப்போது படிக்கும் விதத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தக் கடிதத்தில் பாதி உங்களுக்கு, பாதி அவளுக்கு. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் உங்களுக்கு. உரிமம் கையில் இருந்தும் இன்னொரு பயிற்சி எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். அவள் இதுவரை ஓட்டிய செஸ்னா 172 போன்ற விமானத்தின் எடை, ஆளும் எரிபொருளும் ஏற்றிய பிறகும், ஏறத்தாழ 1,150 கிலோதான். ஏ320 புறப்படும்போது 78 டன் வரை இருக்கும். சின்ன விமானம் தரையிறங்க வருவது 65 நாட் (மணிக்கு 65 கடல் மைல்) வேகத்தில், இது வருவது 130, 140 நாட்டில். அங்கே அவள் தனியாக எல்லாம் செய்தாள். இங்கே இருவர். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கண்காணிப்பார். ஓட்டுபவர் எதைச் செய்தாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கண்காணிப்பவர் அதைச் சரிபார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பெரிய ஜெட் விமானங்களில் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதிதான் டைப் ரேட்டிங்.

பயிற்சியின் வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும். முதல் சில வாரம் வகுப்பறை: விமானத்தின் அமைப்புகள், செயல்திறன், ஒரு எழுத்துத் தேர்வு. அதன்பின் அசையாத பயிற்சிக் காக்பிட்டில் (விமானி அறையின் மாதிரியில்) பொத்தான்களும் நடைமுறைகளும். அதற்குப் பிறகு முழு சிமுலேட்டர். நிஜக் காக்பிட் மாதிரியே எல்லா விசைகளோடும், ஆறு கால்களின் மேல் நின்று அசையும். ஒரு அமர்வு வழக்கமாக நான்கு மணி நேரம். பயிற்சி பெறும் இருவர் ஆளுக்கு இரண்டு மணி நேரம் ஓட்டுவார்கள். முடிவில் தேர்வாளர் முன்னால் திறன் தேர்வு. புதியவர்கள் அதற்குப் பிறகு பயணிகள் இல்லாத விமானத்தில் சில தரையிறக்கங்கள் செய்ய வேண்டும். கடைசியாக, பயிற்சிக் கேப்டனின் பக்கத்தில் உட்கார்ந்து வழித்தடப் பயிற்சி. ஆகவே முதல் நாளே அவள் கையில் பயணிகளை ஒப்படைத்துவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். ஒவ்வொரு படியிலும் பக்கத்தில் ஒருவர் இருப்பார்.

இனி அவளுக்கு.

மகளே, நான் பார்த்தவரை இந்தப் பயிற்சியில் திணறுகிறவர்கள் விமானம் ஓட்டத் தெரியாதவர்கள் இல்லை. சிமுலேட்டரில் உட்கார்ந்தபின் "அடுத்து எந்த விசை, அடுத்து என்ன சொல்லணும்" என்று தேடுகிறவர்கள்தான் திணறுகிறார்கள். தேடும் அந்த இரண்டு நொடியில் விமானம் அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. பிறகு அமர்வு முழுக்க அதைத் துரத்திக்கொண்டே இருக்கிறார்கள். சிமுலேட்டர் நேரம் மிக அருமையானது. சூழ்நிலையைப் படிக்கவும் முடிவெடுக்கவும் மட்டுமே அதைச் செலவழிக்க வேண்டும். விசை எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலேயே கற்றுக்கொண்டு போய்விடலாம்.

அதனால் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து வாசிப்பதை இன்றே நிறுத்து. காக்பிட்டின் படங்களை நிஜ அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டு. மேலே ஓவர்ஹெட் பேனல் (தலைக்கு மேலுள்ள விசைப் பலகை), எதிரே திரைகள், ஒரு சிறு மேசையில் நடு பெடஸ்டல் (இரண்டு இருக்கைக்கும் நடுவிலுள்ள விசை மேடை). முன்னால் ஒரு நாற்காலி. காக்பிட்டைத் தயார்ப்படுத்தும் ஃப்ளோவை, அதாவது விசைகளை வரிசையாகத் தொட்டுச் சரிபார்க்கும் ஒழுங்கை, விரலால் தொட்டுத் தொட்டு, வாயால் சொல்லிச் சொல்லிச் செய். ஒரு நாளைக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் போதும். பத்தாவது நாளில் கண்ணை மூடிக்கொண்டு "ஏ.பி.யு. ப்ளீட்" (வாலில் உள்ள சிறு துணை எஞ்சினின் காற்றுக்கான பொத்தான்) என்றதும் விரல் சரியான இடத்துக்குப் போகிறதா என்று பார். போனால் அடுத்த ஃப்ளோவுக்கு நகரலாம்.

அமைப்புகளைப் பாடமாக மனப்பாடம் செய்யாதே, கேள்வியாக மாற்று. திரவ அழுத்தத்தால் பாகங்களை அசைக்கும் ஹைட்ராலிக்கை எடுத்துக்கொள். பச்சை, நீலம், மஞ்சள் என்று மூன்று, ஒவ்வொன்றிலும் அழுத்தம் 3,000 பி.எஸ்.ஐ. இந்த அளவோடு நிறுத்தினால் நாளைக்கே மறந்துவிடும். "முதல் எஞ்சின் நின்றால் பச்சையின் பம்ப் போகுமே, பிறகு அதற்கு அழுத்தம் எங்கிருந்து வரும்?" என்று கேட்டுப் பார். பி.டி.யு. என்ற கருவி மஞ்சளின் அழுத்தத்தைக் கொண்டு பச்சைக்கு அழுத்தம் ஏற்றும் என்ற பதில் வரும். (அம்மா, ஏ320இல் போகும்போது, புறப்படுவதற்கு முன்னால் காலடியில் நாய் குரைப்பது போலவோ மரம் அறுப்பது போலவோ ஒரு சத்தம் கேட்டுப் பயந்திருக்கிறீர்களா? அந்தக் கருவிதான் அது. நலமாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.) "இரண்டு எஞ்சினும் நின்றால்?" என்பது அடுத்த கேள்வி. காற்றில் சுழலும் ராட் என்ற சிறு காற்றாடி வெளியே வரும், நீலத்துக்கு அழுத்தம் தரும், அந்த நீலம் அவசர ஜெனரேட்டரைச் சுழற்றும். இப்படி ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று வரும்படி படித்தது தேர்வறையிலும் கைகொடுக்கும், நள்ளிரவு சிமுலேட்டரிலும் கைகொடுக்கும்.

சில விஷயங்களை மட்டும் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். வேகம், உயரம் முதலிய வரம்புகள் ஒன்று. உச்ச வேகம் 350 நாட், மாக் 0.82 (ஒலி வேகத்தில் 0.82 பங்கு) என்பதை யாராவது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். மற்றொன்று மெமரி ஐட்டம்ஸ், அதாவது கையேட்டைப் பார்க்காமல் உடனே செய்ய வேண்டியவை: ஸ்டால் மீட்பு (இறக்கை தூக்கு விசையை இழந்தால் மீள்வது), நம்பத்தகாத வேகக் காட்டி, டீகேஸ் எச்சரிக்கை (வேறு விமானம் நெருங்கினால் வருவது), தரை நெருக்க எச்சரிக்கை, விண்ட்ஷியர் (திடீர்க் காற்று மாற்றம்), பிரேக் இழப்பு, அவசர இறக்கத்தின் முதல் செயல்கள். எண்ணிக்கையில் குறைவுதான். பல் துலக்கும்போது ஒன்று, குளிக்கும்போது ஒன்று என்று சொல்லிப் பழகு. உன் பயிற்சி மையம் தந்த பதிப்பில் உள்ள சொற்களையே சொல்லு. இணையத்தில் கிடைக்கும் வேறு நிறுவனத்தின் கையேட்டைத் தொடவே தொடாதே. ஒரே விமானமாக இருந்தாலும் ஒவ்வொரு நிறுவனத்தின் கால்-அவுட்டும் (காக்பிட்டில் வாய்விட்டுச் சொல்லும் சொற்களும்) கொஞ்சம் மாறும். தவறான சொல் வாயில் ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு.

ஏ320க்கென்று இரண்டு விஷயம் சொல்கிறேன். எஞ்சின் விசையைத் தானே சரிசெய்யும் ஆட்டோ த்ரஸ்ட் வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் த்ரஸ்ட் லீவர் (எஞ்சின் விசைக்கான நெம்புகோல்) அசையாது. இரண்டு பக்கத்து சைட்ஸ்டிக்குகளும் (விமானத்தை ஓட்டும் கைப்பிடிகளும்) ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை அல்ல, பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதை உன் கை உணராது. ஆகவே கண்ணும் வாயும்தான் இணைப்பு. திரையின் உச்சியில், தானியங்கி அமைப்புகளின் நிலையைக் காட்டும் எஃப்.எம்.ஏ. வரியில் ஒவ்வொரு எழுத்து மாறும்போதும் அதைப் படித்துச் சொல்லும் பழக்கம் இப்போதே வர வேண்டும். விமானம் இந்த நொடி என்ன செய்கிறது என்பதை அந்த வரிதான் சொல்லும். பொத்தானை அழுத்தியதால் அது நடந்துவிட்டது என்று நம்புகிற பழக்கம் ஆபத்தானது. அந்த வரியில் பார்த்த பிறகே நம்பு.

மனக்கணக்கையும் தினம் செய். உயரத்தின் ஆயிரங்களை மூன்றால் பெருக்கினால் இறங்கத் தேவையான தூரம் கடல் மைலில் கிடைக்கும். 36,000 அடியென்றால் 108, அதோடு வேகம் குறைக்கக் கொஞ்சம். தரை வேகத்தை ஐந்தால் பெருக்கினால் மூன்று டிகிரிச் சரிவுக்கான இறங்கு வீதம்: 140 நாட்டுக்கு நிமிடத்துக்கு 700 அடி. நடந்துகொண்டே போடு. யாராவது பேச்சுக் கொடுக்கும்போது போடு. அப்போதும் சரியாக வந்தால்தான் காக்பிட்டில் வரும்.

உரிமம் வாங்கி எத்தனை மாதம் ஆகிறது என்று நீ சொல்லவில்லை. இடைவெளி நீளமாக இருந்தால், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும்போது கண்ணை அவற்றின் மேல் வரிசையாக ஓட்டும் பழக்கம் (ஸ்கேன்) துருப்பிடித்திருக்கும். சாதாரணப் பயிற்சி சிமுலேட்டரில் சில மணி நேரம், ஆட்டோபைலட் இல்லாமல் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போ. வீட்டுக் கணினியில் உள்ள விளையாட்டு சிமுலேட்டர், எந்தத் திரை எங்கே இருக்கிறது என்று பழக உதவும். அதில் தரையிறக்கம் பழகாதே. கைக்கு வேறொரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

அம்மா, மீண்டும் உங்களிடம் வருகிறேன். "நான் என்ன உதவி செய்ய முடியும், எனக்கு விமானம் பற்றி ஒன்றும் தெரியாதே" என்று எழுதியிருந்தீர்கள். இந்த எட்டு வாரமும் நீங்கள்தான் அவளுடைய இரண்டாவது விமானி.

செக்லிஸ்டை (செய்ததைச் சரிபார்க்கும் பட்டியல் அட்டையை) அவளிடம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பக்கம். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்க முடிந்தால் போதும். அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஃப்ளோ முடித்து "லேண்டிங் செக்லிஸ்ட்" என்று கேட்பாள். நீங்கள் ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும். "ஈகேம் மெமோ" என்று நீங்கள் சொன்னால் "லேண்டிங், நோ ப்ளூ" என்று அவள் பதில் சொல்ல வேண்டும் (எச்சரிக்கைத் திரையில் தரையிறங்கும் பட்டியல் வந்திருக்கிறது, செய்யாமல் விட்டதைக் காட்டும் நீல எழுத்து இல்லை என்று பொருள்). அட்டையில் இருக்கும் சொல் அப்படியே வரும்வரை அடுத்த வரிக்குப் போகாதீர்கள். பெற்ற பிள்ளை என்று இரக்கம் வேண்டாம். நான்காம் வாரத்துக்குப் பிறகு, பாதியில் வேண்டுமென்றே குறுக்கிடுங்கள். "வாசலில் யார் வந்திருக்கிறார்கள் பார்" என்று சொல்லுங்கள். திரும்பி வந்து விட்ட இடத்தைச் சரியாகப் பிடிக்கிறாளா, அல்லது சந்தேகம் வந்தால் முதலிலிருந்து தொடங்குகிறாளா என்று கவனியுங்கள். இரண்டில் எது செய்தாலும் நல்லது. ஒரு வரியைத் தாண்டிப் போனால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

எழுதி வைத்துப் படிப்பது சிறுபிள்ளைத்தனம் என்று அவளுக்குத் தோன்றினால், 1935 அக்டோபர் 30ஆம் தேதி நடந்ததைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் ரைட் ஃபீல்டு தளத்தில் போயிங்கின் மாடல் 299 என்ற புதிய குண்டுவீச்சு விமானம் மேலெழுந்த சற்று நேரத்தில் விழுந்து எரிந்தது. ஓட்டியவர்கள் அனுபவம் மிகுந்த சோதனை விமானிகள். தரையில் நிற்கும்போது விமானத்தைத் திருப்பும் அசையும் பகுதிகள் காற்றில் ஆடாமலிருக்கப் போடும் பூட்டை விடுவிக்க மறந்திருந்தார்கள். அதன் பிறகுதான் அந்த விமானத்துக்கு விமானிகள் செக்லிஸ்ட் எழுதினார்கள். அது பின்னாளில் பி-17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் பறந்தது.

புதியவள் என்பதால் பயனற்றவளாக இருப்பாளோ என்ற அவளுடைய பயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு எஞ்சின்களும் வலுவிழந்து, ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானம் ஏ320தான். அதிலிருந்த 155 பேரும் பிழைத்தார்கள். கேப்டன் சல்லன்பெர்கரை உலகமே அறியும். பக்கத்தில் இருந்த ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை விமானி) ஜெஃப்ரி ஸ்கைல்ஸ் 15,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர், ஆனால் ஏ320இல் அவருக்கு 37 மணி நேரம்தான். அந்த வகைப் பயிற்சியை அப்போதுதான் முடித்திருந்தார். கேப்டன் "மை ஏர்கிராஃப்ட்" என்றதும் "யுவர் ஏர்கிராஃப்ட்" என்று பதில் சொல்லிவிட்டு, அவசரக் கையேட்டின் எஞ்சின் பக்கத்தைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினார். பறவை மோதியதிலிருந்து ஆற்றைத் தொடும்வரை கிடைத்தது மூன்றரை நிமிடம் மட்டுமே. பயிற்சி புதிதாக இருந்ததால் அந்தப் பக்கங்கள் அவருக்குப் பழக்கமாக இருந்தன. உங்கள் மகளுக்கு அவருடைய அனுபவம் இல்லை, உண்மைதான். ஆனால் பயிற்சியில் பழகிய சொல்லும் கையும் அவளுக்கும் வரும்.

பயிற்சி தொடங்கிய பிறகு உங்களால் ஆகக்கூடியது வேறு. சிமுலேட்டர்கள் இரவும் பகலும் ஓடும். அவளுக்கு நள்ளிரவு இரண்டு மணிக்குக்கூட அமர்வு வரலாம். அவள் பகலில் தூங்கினால் வீட்டில் யாரும் எழுப்பக் கூடாது, விருந்தினரையும் அந்த வாரங்களில் தள்ளிப்போடுங்கள். அமர்வு முடிந்ததும் "எப்படிச் செய்தாய்" என்று விசாரிக்க வேண்டாம். பயிற்றுநர் ஒரு மணி நேரம் குறை சொல்லி அனுப்பியிருப்பார். அவர் வேலை அது. அன்றைக்கே அவள் அதைத் தன் நோட்டில் மூன்று வரியாக எழுதிவிட்டுத் தூங்கட்டும்.

மகளே, இன்னும் இரண்டு விஷயம். உன்னோடு ஜோடியாகப் பயிற்சி பெறப்போவது யார் என்று மையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு இப்போதே பேசத் தொடங்கு. ஒருவர் தடுமாறினால் மற்றவரின் இரண்டு மணி நேரமும் கெடும், இருவரும் தேறினால்தான் அமர்வு தேறும். அவரை முந்த வேண்டும் என்று நினைக்காதே. அடுத்தது, ஒரு அமர்வு புரியவில்லை என்றால் அடுத்த அமர்வுக்கு முன்பே பயிற்றுநரிடம் சொல். மூன்று அமர்வு மறைத்துவிட்டு நான்காவதில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலிலேயே சொன்னவர்களுக்குப் பெரும்பாலும் கூடுதல் நேரம் கிடைத்தது.

கடைசி வாரத்தில் புதிதாக எதையும் தொடாதே. வரம்புகள், மெமரி ஐட்டம்ஸ், ஃப்ளோ, இவற்றை மட்டும் ஓட்டிப் பார், நன்றாகத் தூங்கு.

மையத்திலிருந்து கால அட்டவணை வந்ததும் எனக்கு அனுப்புங்கள் அம்மா. எந்த வாரத்தில் எந்த ஃப்ளோ என்று மூவரும் சேர்ந்து பிரித்துக்கொள்வோம். அதுவரை அந்த நாற்காலியையும் படங்களையும் வைக்க ஒரு சுவரை மட்டும் காலி செய்து வையுங்கள்.