நாய்க்கு பாக்கலன்னா ஆட்டுல வந்து நிக்கும்: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் ஆட்டுப்பட்டிக்கு நாய் வச்சுக்கறது பத்தி எழுதியிருந்தேன், அதுக்கு தர்மபுரி கிருஷ்ணகிரி ரெண்டு ஜில்லாவுலருந்தும் நெறைய பேர் கேட்டிருக்கீங்க, ஒரே மாதிரி வந்த கேள்விய எல்லாம் ஒண்ணா சேத்து பதில் சொல்லிருக்கேன். நான் டாக்டர் இல்லைங்க, பென்னாகரம் பக்கம் 60 மேச்சேரி ஆடும் ரெண்டு நாயும் வச்சு பொழைக்கறவன், அதனால மருந்து விஷயம் மட்டும் உங்க ஊர் கால்நடை டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்யுங்க.

கேள்வி: யூடியூப்ல பார்டர் கோலி நாய் ஆட்ட வளைச்சு வளைச்சு ஓட்டிட்டு வர்றத பாத்தேன் அண்ணே. என்கிட்ட 30 ஆடு இருக்கு, மேய்க்க ஆளே கெடைக்கல. அந்த நாய் வாங்கினா வேலை ஆகுமா? (ஊத்தங்கரை வாசகர்)

பதில்: தம்பி, மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, ஆட்டு நாய்ல ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு ஆட்ட ஓட்டற நாய், இன்னொண்ணு ஆட்டுக்கு காவல் இருக்கற நாய். நீங்க பாத்தது ஓட்டற நாய். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எல்லையில இருக்கற மலைப்பக்கத்துல வளந்த ஜாதி, 1893ல பொறந்த ஓல்ட் ஹெம்ப்னு ஒரு நாய்தான் இன்னிக்கு இருக்கற பார்டர் கோலிக்கெல்லாம் மூதாதைன்னு சொல்றாங்க. அது கொரைக்காது, தலைய தாழ்த்தி மொறைச்சு பாத்தே ஆட்ட நகத்தும். அங்க மேய்ச்சல் நெலம் கண்ணுக்கெட்டின தூரம் தெறந்து கெடக்கும், விசில் அடிச்சு நாய அனுப்பிட்டு ஆளு நின்ன எடத்துலயே நிக்கலாம். நமக்கு அப்படியா, ஒரு பக்கம் ராகி கொல்லை, ஒரு பக்கம் மரவள்ளி, நடுவுல ஒத்தையடி வரப்பு. நம்ம ஆடு பின்னாடி நின்னு தொரத்தினா போறதில்ல, முன்னாடி போறவன் கொரலுக்கு வருது. பழக்கம் இல்லாத கையில அந்த நாய் சும்மா கெடந்தா ஆட்ட நாள் முச்சூடும் தொரத்தும், சினை ஆடு ஓடி ஓடி குட்டி வீசிடும். ரோமமும் ரெண்டு அடுக்கு, ஊத்தங்கரை சித்திரை வெயிலுக்கு பாவம் அது.

இன்னொரு விஷயம், ஆட்டுக்கு புழுவுக்கும் உண்ணிக்கும் ஐவர்மெக்டின் குடுக்கறோம் இல்ல, கோலி வகை நாய்ங்கள்ல சிலதுக்கு அந்த மருந்து மூளைக்கு ஏறி நடுங்கி விழுந்து செத்தே போயிடும், மருந்து குடிச்ச ஆட்டோட புழுக்கைய தின்னாகூட ஆபத்து. ஆளு பஞ்சத்துக்கு நாய் பதில் இல்ல தம்பி, மேய்ச்சல் நெலத்த வேலி போட்டு ரெண்டா பிரிச்சு மேய விடுங்க, காவலுக்கு நம்ம நாட்டு நாய் குட்டி ஒண்ணு எடுங்க.

கேள்வி: 50 நாள் நாட்டு நாய் குட்டி எடுத்துட்டு வந்திருக்கோம். வீட்ல வளத்து பெருசானதும் பட்டிக்கு விடலாமா? (பாலக்கோடு வாசகி)

பதில்: வேண்டாம்மா, இன்னிக்கே பட்டிக்கு கொண்டு போங்க. நாலு மாசத்துக்குள்ள குட்டி யார் கூட படுத்து எந்திரிக்குதோ அவங்கதான் அதுக்கு சொந்தம்னு மனசுல பதிஞ்சிடும், அந்த வயசு தாண்டிட்டா எவ்ளோ பழக்கினாலும் ஆட்ட வேற ஜாதியாத்தான் பாக்கும். பட்டியில ஒரு மூலையில ஆடு உள்ள வர முடியாத மாதிரி சின்னதா படல் கட்டுங்க, நாய்க்குட்டி அதுல இருக்கட்டும், சந்து வழியா ஆட்டுக்குட்டிங்க மூஞ்சி மோந்து பாக்கட்டும். கோவக்கார தாய் ஆடு பக்கத்துல மட்டும் விடாதீங்க, ஒரு முட்டு முட்டினா நாய்க்குட்டி ஆயுசுக்கும் ஆட்ட கண்டா பயப்படும். சாப்பாடும் அங்கயே வைங்க, ராகி களிய மோர்ல கரைச்சு வாரத்துல ரெண்டு மூணு நாள் முட்டை சேத்து குடுங்க, வெங்காயம் போட்ட கொழம்பு ஊத்தாதீங்க, வெங்காயம் நாய்க்கு ரத்தத்த கெடுக்கும். பசங்க தூக்கி கொஞ்சறதுக்கு ஆசப்படுவாங்க, தடவிக் குடுக்கட்டும் தப்பில்ல, ஆனா ராத்திரி வீட்டு வாசல்ல படுக்க விட்டுட்டீங்கன்னா அது வீட்டு நாய் ஆயிடுச்சு. மூணு மாசம் ஆனதும் வெறிநாய் தடுப்பூசி, அப்பறம் வருஷா வருஷம், இத மறந்தே போகக்கூடாதும்மா.

கேள்வி: நல்லாத்தான் இருந்தது, 9 மாசம் ஆனதும் ஆட்டுக்குட்டிய தொரத்தி காத புடிச்சு இழுக்குது. வித்துடலாமா? (காரிமங்கலம் வாசகர்)

பதில்: வித்துடாதீங்க, அது வெளையாட்டு வயசு. ஒரு முழம் நீளத்துல கட்டை ஒண்ண சங்கிலியில கழுத்துல தொங்க விடுங்க, முட்டிக்கு கொஞ்சம் கீழ வர்ற மாதிரி. நடக்கலாம் படுக்கலாம், ஓடினா மட்டும் கால்ல இடிக்கும். கூட ஒரு பெரிய கெடாவ விடுங்க, அது குடுக்கற முட்டுல பாதி பாடம் வந்துடும். ரெண்டு வயசு வரைக்கும் பொறுத்துக்கணும், அதுக்கப்பறம்தான் நாய்க்கு புத்தி நிக்கும். அடிக்காதீங்க, அடி வாங்கின நாய் ஆட்ட பாத்தா உங்க அடிதான் ஞாபகம் வரும்.

கேள்வி: ஒரு வருஷ பெட்டை ஆடு ஒரே பக்கமா சுத்தி சுத்தி வருது, மந்தையோட சேரல. எலுமிச்சம்பழம் சுத்தி போட்டும் சரியாகல. (அரூர் வாசகி)

பதில்: அக்கா, இது கண்ணேறு இல்ல, பேரே சுத்து நோய்தான். சொல்ல கஷ்டமா இருக்கு, இது உங்க நாய்கிட்டருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். நாய் வயித்துல ஒரு வகை நாடாப்புழு இருக்கும், அதோட முட்டை நாய் பீயில விழுந்து புல்லுல ஒட்டும், அந்த புல்ல ஆடு மேஞ்சா புழு மூளைக்கு போய் நீர்க்கட்டியா வளரும். கட்டி எந்தப் பக்கம் இருக்கோ அத பொறுத்து தல சாயும், சுத்தும், ஒரு கண்ணு தெரியாம போகும்.

எனக்கு இது ஆறேழு வருஷம் முன்னாடி நடந்தது. செம்பழுப்புல நெத்தியில வெள்ளை வச்ச பெட்டை, பட்டியில அதான் அழகு. ஒரு நாள் தண்ணி தொட்டிகிட்ட வருது, வாய வைக்கப் போகும்போது எடது பக்கமா திரும்பிடுது, மறுபடி வருது, மறுபடி திரும்பிடுது. ஒரு வாரத்துல தொட்டிய சுத்தி மண்ணுல வட்டமா தடமே விழுந்துடுச்சு. நெத்திய விரலால அழுத்தினா எலும்பு அமுங்குச்சு. அது செத்த அன்னிக்கு மண்டைய பொளந்து பாத்தோம், கோழி முட்டை அளவு பை, உள்ள தெளிஞ்ச தண்ணி, அந்த பை தோல்ல அரிசி நொய் ஒட்டின மாதிரி வெள்ளை வெள்ளையா புள்ளி. அந்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு புழுவோட தலைன்னு டாக்டர் சொன்னார். நாய்க்கு என்ன போடறேன்னு அவர் கேட்டப்பதான் எனக்கு தெரிஞ்சது, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கறிக்கடையிலருந்து பச்ச ஆட்டுத்தலை வாங்கிட்டு வந்து நாய்க்கு போட்டுட்டு இருந்தேன், அதுக்கு நல்ல சத்துன்னு நெனச்சு. அந்த வருஷம் நாலு ஆடு போச்சு.

தல, மூளை, குடல் எதையும் பச்சையா நாய்க்கு போடாதீங்க அக்கா. செத்த ஆட்ட சுண்ணாம்பு போட்டு ஆழமா பொதைங்க. நாய் பச்ச மூளைய தின்னா 40 நாள் சுமார்ல முட்டை போட ஆரம்பிச்சிடும், அதனால ஆறு வாரத்துக்கு ஒரு தடவ நாய எடை போட்டு பிராசிகுவாண்டெல்னு நாடாப்புழு மாத்திரை டாக்டர்கிட்ட வாங்கி குடுங்க, குடுத்த ரெண்டு மூணு நாள் கட்டி வச்சு பீய அள்ளி பொதைங்க. ஆட்டோட ஈரல் நுரையீரல்லயும் கட்டி வரும், அது வேற நாடாப்புழு, அதோட முட்டை மனுஷன் வயித்துக்குள்ள போனா நமக்கும் ஈரல்ல கட்டி வரும், நாய தொட்ட கைய சோப்பு போட்டு கழுவாம பசங்கள சாப்பிட விடாதீங்க. இப்ப இருக்கற ஆட்டுக்கு, கட்டி மேலாக்க இருந்தா ஆபரேஷன் பண்ணி எடுக்க முடியும், லேட் பண்ணாம காட்டுங்க. தூக்கிட்டு போக முடியலன்னா 1962க்கு போன் போடுங்க, கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

கேள்வி: மரவள்ளி தழை ஆட்டுக்கு போடலாமா? (பாப்பிரெட்டிப்பட்டி வாசகர்)

பதில்: பச்சையா வேண்டாம், அதுல சயனைடு விஷம் இருக்கு. நல்லா வெயில்ல காய வச்சு கொஞ்சமா போடலாம். தின்னுட்டு மூச்சு வாங்கி துடிச்சா நிமிஷக் கணக்குதான் டைம், டாக்டர்கிட்ட மாத்து ஊசி இருக்கு, ஓடுங்க.

கேள்வி: ராத்திரி தெரு நாய்ங்க பட்டியில பூந்து 7 ஆட்ட கடிச்சிடுச்சு, 4 செத்துடுச்சு. மீதிய என்ன பண்றது? (போச்சம்பள்ளி வாசகர்)

பதில்: படிக்கவே மனசு ஆறல தம்பி. ஈத்துக்கு நிக்கற ஆடு போச்சுன்னா அது ஒரு ஆடு மட்டும் இல்ல, அடுத்த வருஷ வருமானமும் சேந்துதான் போகுது. மீதி மூணுக்கும் காயத்த சோப்பு தண்ணி ஊத்தி 15 நிமிஷம் கழுவுங்க, கைக்கு உறை போட்டுட்டு, வாய்க்குள்ள கைய விடாதீங்க. கடிச்ச நாய்க்கு வெறி இருந்துச்சா இல்லையான்னு நமக்கு தெரியாது, அதனால ஆட்டுக்கும் வெறிநாய் ஊசி போடணும், ஒரு ஊசியோட நிறுத்தாம டாக்டர் சொல்ற தேதிக்கெல்லாம் போடுங்க. உங்க கையில கீறல் இருந்து எச்சி பட்டிருந்தா நீங்களும் ஆரம்ப சுகாதார நிலையம் போங்க. செத்த ஆட்ட போட்டோ எடுத்து, டாக்டர் சர்டிபிகேட் வாங்கி, விஏஓகிட்டயும் போலீஸ்லயும் எழுதி குடுங்க, பேப்பர் இல்லாம நிவாரணம் கேக்கவே முடியாது. பட்டிய சுத்தி கட்டற வலைய மண்ணுல ஒரு அடி பொதைச்சு கட்டுங்க, நாய் தாண்டறத விட தோண்டித்தான் வரும்.

கேள்வி: அஞ்செட்டி பக்கம் இருக்கோம், சிறுத்தை வந்து ஆட்ட விட்டுட்டு நாய தூக்கிட்டு போயிடுச்சு. இனிமே நாய் வச்சு என்ன பிரயோஜனம்? (அஞ்செட்டி வாசகர்)

பதில்: நீங்க இருக்கறது 2014ல அறிவிச்ச காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்த ஒட்டின எடம், சிறுத்தை வராம இருக்காது. சிறுத்தைக்கு நாய்னா ரொம்ப இஷ்டம், அதுவும் வெளிய தனியா கட்டிப் போட்ட நாய் அதுக்கு வச்ச சாப்பாடு மாதிரி. நாய கட்டாதீங்க, பட்டிக்குள்ள ஆட்டோட அடைங்க, ஒண்ணுக்கு ரெண்டா வைங்க, கழுத்துல ஆணி வச்ச பட்டை போடுங்க, சிறுத்தை கழுத்தத்தான் புடிக்கும். குட்டிங்க இருக்கற எடத்துக்கு மேலயும் வலை கட்டணும். யானை நடமாடற நேரத்துல காட்டு ஓரம் நாய கூட்டிட்டு போகாதீங்க, அது யானைய கொரைச்சுட்டு பயந்து உங்ககிட்டயேதான் ஓடி வரும், பின்னாடி யானையும் வரும். கோவத்துல கறியில விஷம் வைக்கறது, கம்பியில கரண்ட் விடறது ரெண்டும் குத்தம், மொதல்ல சாகறதும் உங்க நாயும் பக்கத்து வீட்டு பசங்களும்தான். ஆட்ட அடிச்சா ஒடம்ப நகத்தாம வனத்துறைக்கு சொல்லுங்க.

கேள்வி: எங்க பட்டி நாய்க்கு 11 வயசு, கண்ணு மங்கிடுச்சு. கொண்டு போய் சந்தையில விட்டுடுங்கன்னு வீட்ல சொல்றாங்க, மனசு வரல. (தேன்கனிக்கோட்டை வாசகர்)

பதில்: விடாதீங்க ஐயா. பழகாத சந்தையில கண்ணு தெரியாத நாய் ரெண்டு நாள் தாங்காது. அதுக்கு இன்னும் வேலை இருக்கு, இப்பவே ஒரு குட்டி எடுத்து அது பக்கத்துல விடுங்க, எந்த சத்தத்துக்கு கொரைக்கணும் எதுக்கு கொரைக்கக்கூடாதுன்னு நாம ஒரு வருஷம் பழக்கறத பெரிய நாய் மூணு மாசத்துல சொல்லிக் குடுத்துடும். பல்லு போயிருந்தா களிய தண்ணியா கரைச்சு குடுங்க, உங்க ஊர் மார்கழி பனிக்கு கீழ சாக்கு ரெண்டு போடுங்க. என் பழைய நாயும் இப்ப மேய்ச்சலுக்கு வர்றதில்ல, சாயந்தரம் ஆட்டு மணி சத்தம் கேட்டதும் எந்திரிச்சு வந்து படல் ஓரமா நிக்கும், ஒவ்வொரு ஆடா மோந்து பாத்து உள்ள விட்டுட்டுத்தான் படுக்கும். குட்டி எடுக்கறதா இருந்தா ஐப்பசி மழைக்கு முன்னாடி எடுங்க, ஈரத்துல சின்ன குட்டிய காப்பாத்தறது கஷ்டம்.