பழைய டெஸ்க்டாப்பில் புது என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. போட்டேன். விண்டோஸுக்குள் தெரிகிறது, ஆனால் அதிலிருந்து பூட் ஆகவில்லை. என்ன செய்யலாம்?

உங்கள் எஸ்.எஸ்.டி. (சுற்றும் தட்டு இல்லாத டிரைவ்) பழுதில்லை, அதை மதர்போர்டில் செருக நீங்கள் போட்டிருக்கும் அடாப்டர் அட்டையும் பழுதில்லை. இரண்டையும் திருப்பி அனுப்பப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்னபடி உங்களிடம் இருப்பது எச்61 சிப்செட் (பாகங்களை இணைக்கும் சிப்) கொண்ட மதர்போர்டு, இரண்டாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர், பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 10. அதற்குள் போனால் புது 500 ஜி.பி. டிரைவ் ஒழுங்காகத் தெரிகிறது, ஃபைல் நகலெடுக்கவும் முடிகிறது, ஆனால் எந்த டிஸ்க்கிலிருந்து எழ வேண்டும் என்று பயாஸ் காட்டும் பூட் பட்டியலில் மட்டும் பெயரே வரவில்லை. கோத்தகிரியில் என் சித்தப்பா வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையின் கம்ப்யூட்டரில் போன வருடம் எனக்கும் அச்சு அசலாக இதேதான் நடந்தது. பட்டா, சாதிச் சான்றிதழ், கரண்ட் பில் என்று காலையிலிருந்தே ஆட்கள் வரிசையில் நிற்கும் கடை அது. அந்த மெஷின் ஆன் ஆகி பிரவுசர் திறக்கவே ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும், மழையில் நனைந்துகொண்டு வந்தவர்கள் வாசலில் நின்றபடியே காத்திருப்பார்கள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நான் இதில் இறங்கினேன்.

ஏன் தெரியவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடுவது மதர்போர்டில் ஒரு சின்ன சிப்புக்குள் இருக்கும் பயாஸ். விண்டோஸோ லினக்ஸோ எழுந்து வருவதற்கு முன்னால் டிஸ்க்கைத் தேடிப் படிக்க வேண்டியது அதுதான். சாட்டா டிஸ்க்கை, அதாவது பழைய ஹார்ட் டிஸ்க் மாதிரி கேபிளில் இணைவதை, படிக்க அதற்குத் தெரியும், பென்டிரைவைப் படிக்கத் தெரியும், ஆனால் எஸ்.எஸ்.டி.யோடு வேகமாகப் பேசும் என்.வி.எம்.இ. என்ற முறையின் முதல் வரையறை வெளிவந்ததே 2011-ல்தான், உங்கள் எச்61 சிப்செட் வந்ததும் அதே வருடம். அந்த போர்டுக்கு பயாஸ் எழுதியபோது அப்படி ஒரு டிரைவ் சந்தையிலேயே இல்லை. இன்டெல்லின் 9 வரிசை சிப்செட் (2014) போர்டுகள் வந்த பிறகுதான், அதுவும் பல போர்டுகளில் பயாஸ் அப்டேட் வழியாகத்தான், என்.வி.எம்.இ. பூட் பரவலாகக் கிடைத்தது. விண்டோஸ் 10 தன் கையோடு சொந்தமாக ஒரு டிரைவர் (டிரைவை இயக்கும் மென்பொருள்) கொண்டு வருகிறது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 2012-ல் வந்த 3.3 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதனால்தான் உள்ளே போன பிறகு டிரைவ் தெரிகிறது, வெளியே தெரிவதில்லை.

அப்படியென்றால் முழு விண்டோஸும் முழு லினக்ஸும் பயாஸுக்குத் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எழுப்பிவிடும் அந்தச் சின்னப் பகுதி மட்டும் சாட்டா டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ இருந்தால் போதும், மிச்சமெல்லாம் என்.வி.எம்.இ.யில் இருக்கலாம்.

இதைப் படிக்கும் வேறு யாராவது இன்னும் டிரைவ் வாங்கவில்லை என்றால் ஒரு வார்த்தை. 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்குங்கள், இந்தத் தலைவலி எதுவும் வராது. எச்61-ல் சாட்டா வேகம் 3 ஜிகாபிட்தான், அதாவது நொடிக்கு சுமார் 300 எம்.பி.க்கு மேல் போகாது, புது எஸ்.எஸ்.டி. 550 வரை போகும், பாதி வேகம் வீணாகிறதே என்று பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்க் மெதுவாக இருப்பதற்குக் காரணம் அந்த 300 இல்லை. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் தட்டில், வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வருவதற்கே சராசரியாக 4 மில்லிசெகண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும், ஊசி இடம் மாற ஆகும் நேரம் அதற்கு மேல். விண்டோஸ் எழும்போது இப்படி ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி ஓடுகிறது. எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டே கிடையாது, அந்தக் காத்திருப்பும் கிடையாது. கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வித்தியாசம்தான் தெரியும், 300-க்கும் 550-க்கும் உள்ள வித்தியாசம் தெரியாது.

நீங்கள் வாங்கியாகிவிட்டது, அதனால் உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அடாப்டரை எந்த ஸ்லாட்டில் செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை என்றால் நீளமான எக்ஸ்16 ஸ்லாட்டிலேயே போடுங்கள், இரண்டாம் தலைமுறை ஐ5-ல் அது பி.சி.ஐ.இ. 2.0 (கார்டு செருகும் ஸ்லாட்டின் முறை), நான்கு லேன் (தரவு போகும் பாதை) சேர்ந்து கணக்குப்படி நொடிக்கு 2000 எம்.பி. வரும். குட்டி எக்ஸ்1 ஸ்லாட் என்றால் 500, நடைமுறையில் அதைவிடக் கொஞ்சம் குறையும், அதுவும் மோசமில்லை. அப்புறம், எம்.2 என்ற சின்னப் பட்டை வடிவத்தில் வருவதெல்லாம் என்.வி.எம்.இ. இல்லை, உள்ளே சாட்டாவாக இருக்கும் எம்.2-வும் விற்கிறார்கள். அதை இந்த அடாப்டரில் போட்டால் விண்டோஸிலும் தெரியாது. உங்களுக்குத் தெரிவதால் அந்தச் சந்தேகம் இல்லை.

இனி வழி. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இந்த ப்ராசஸரை ஏற்காது. அதனால் கடையில் லினக்ஸ் மின்ட் போட்டோம், உங்களுக்கும் அதையே சொல்வேன். இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க்கை அதுவே பிரித்துக்கொள்ள விடாமல், கடைசியில் இருக்கும் "வேறு ஏதாவது" என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் 2 ஜி.பி. அளவுக்கு ஒரு பகுதி ஒதுக்கி அதை "பூட்" (/boot) என்று மவுன்ட் செய்ய வேண்டும், அதாவது அந்தப் பெயரில் இணைக்க வேண்டும். என்.வி.எம்.இ.யில் இடம் முழுவதும் "ரூட்" (/), மிச்சமெல்லாம் இருக்கும் பகுதி. கீழே பூட்லோடர் (முதலில் எழுப்பிவிடும் சின்ன நிரல்) எந்த டிஸ்க்கில் என்று கேட்கும் இடத்தில் ஹார்ட் டிஸ்க்கைக் காட்டுங்கள், என்.வி.எம்.இ.யை அல்ல. இதெல்லாம் தொடங்கும் முன் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை வேறு இடத்தில் நகலெடுத்து வையுங்கள், பார்டிஷனைச் சுருக்கும்போது ஒரு கரண்ட் கட் வந்தால் போதும், எல்லாம் போய்விடும்.

நான் இங்கேதான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். பூட்லோடரை ஹார்ட் டிஸ்க்கில் போட்டேன், சரி, ஆனால் பூட் பகுதியைத் தனியாகப் பிரிக்காமல் ரூட்டோடு என்.வி.எம்.இ.யிலேயே விட்டுவிட்டேன். ஆன் செய்தால் கறுப்புத் திரையில் "க்ரப் ரெஸ்க்யூ" என்று மட்டும் வந்து நின்றது. லினக்ஸின் பூட்லோடரான க்ரப் எழுந்துவிட்டது, ஆனால் அது டிஸ்க்கைப் படிக்க பயாஸைத்தான் கேட்கிறது, பயாஸுக்கோ என்.வி.எம்.இ. தெரியாது. ஆகவே கெர்னலும் தொடக்கத்தில் அதற்குத் துணையாக வரும் இனிட்ராம்எஃப்எஸ் ஃபைலும் பயாஸ் பார்க்கக்கூடிய டிஸ்க்கில் இருந்தே ஆக வேண்டும். அவை நினைவகத்தில் ஏறிய பிறகுதான் கெர்னல் தன் சொந்த டிரைவரை வைத்து என்.வி.எம்.இ.யைத் திறக்கும். இந்த ஒன்று புரிந்ததும் மறுபடி இன்ஸ்டால் செய்தேன், அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. 2 ஜி.பி. ஏன் என்றால், அப்டேட் வரும்போதெல்லாம் புதுக் கெர்னல் சேர்ந்துகொண்டே போகும், பூட் பகுதி நிறைந்தால் அடுத்த அப்டேட் பாதியில் நிற்கும். அப்டேட் மேனேஜரில் பழைய கெர்னல்களை நீக்கும் வசதி இருக்கிறது, மாதம் ஒருமுறை பாருங்கள்.

விண்டோஸ்தான் வேண்டும், அக்கவுன்ட் சாஃப்ட்வேர் அதில்தான் ஓடும் என்றால் கிளோவர் என்ற பூட்லோடர் இருக்கிறது. அதை ஒரு பென்டிரைவில் போட்டு, அதனுடனேயே வரும் என்.வி.எம்.எக்ஸ்பிரஸ் டிரைவர் ஃபைலை அதன் டிரைவர்கள் ஃபோல்டருக்குள் நகலெடுக்க வேண்டும். பயாஸ் பென்டிரைவை எழுப்பும், கிளோவர் பழைய பயாஸின் மேல் யு.இ.எஃப்.ஐ. (பயாஸுக்குப் பின் வந்த புதிய முறை) சூழலை உண்டாக்கி என்.வி.எம்.இ.யில் உள்ள விண்டோஸை எழுப்பும். இதற்கு விண்டோஸ் ஜி.பி.டி. என்ற டிஸ்க் பிரிக்கும் முறையில், யு.இ.எஃப்.ஐ.யாக இன்ஸ்டால் ஆகியிருக்க வேண்டும், ஆகவே விண்டோஸ் இன்ஸ்டாலரையும் கிளோவர் வழியாகவே எழுப்புங்கள். தோழி வீட்டு மெஷினில் இப்படிச் செய்து கொடுத்தேன், இன்றும் ஓடுகிறது. பென்டிரைவ் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் யாராவது பிடுங்கிவிடுவார்கள். மதர்போர்டில் முன்பக்க யு.எஸ்.பி.க்கான பின்கள் இருக்கும், அதற்கு ஒரு சின்ன இணைப்பான் வாங்கி கேபினெட்டுக்கு உள்ளேயே பென்டிரைவைப் பொருத்திவிடுங்கள். இன்னொரு பென்டிரைவில் அதே நகலை எடுத்து மேசை டிராயரில் வைத்திருங்கள்.

மூன்றாவது வழி, பயாஸையே மாற்றுவது. யு.இ.எஃப்.ஐ. வகை பயாஸ் என்றால் அதன் ஃபைலுக்குள் என்.வி.எம்.இ. டிரைவரைச் சேர்த்து மறுபடி சிப்பில் எழுதலாம். செய்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், வேலையும் செய்கிறது. ஆனால் நான் செய்யவில்லை, உங்களையும் செய்யச் சொல்ல மாட்டேன். எழுதிக்கொண்டிருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடும், அப்புறம் தனியாக ஒரு ப்ரோக்ராமர் கருவியை சிப்பில் மாட்டி எழுதினால்தான் உயிர் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் பக்கம் எந்த நேரத்தில் எந்த மரம் லைன் மேல் விழும் என்று யாருக்கும் தெரியாது, கடையில் இருந்த யு.பி.எஸ். பேட்டரியும் பழசு. போர்டு போனால் மாற்றுக்கு மேட்டுப்பாளையம் இறங்கி கோயம்புத்தூர் போக வேண்டும், இந்த வயது போர்டு அங்கேயும் செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். "தம்பி, கடை ஒரு நாள் மூடினாலும் ஜனங்க திரும்பிப் போகணும்டா, பார்த்துச் செய்" என்று சித்தப்பா சொன்னதும் அந்த யோசனையை அத்தோடு விட்டேன்.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் கட்டாயம் வரப்போகும் ஒன்று. எல்லாம் சரியாக ஓடி மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலை "பூட் செய்ய டிஸ்க் இல்லை" என்று வந்தது. எஸ்.எஸ்.டி. போய்விட்டது என்றே பயந்துவிட்டேன். பயாஸுக்குள் போனால் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது, பூட் வரிசை மாறியிருந்தது, சாட்டா மோட் (டிஸ்க்கோடு பேசும் முறை) புதிய ஏ.எச்.சி.ஐ.யிலிருந்து பழைய ஐ.டி.இ.க்குத் திரும்பியிருந்தது. காரணம் போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 பட்டன் பேட்டரி, வாங்கிய நாளிலிருந்து மாற்றாதது. கரண்ட் இருக்கும்வரை பிரச்சினை தெரியாது. இரவு முழுக்க கரண்ட் போனால் பயாஸின் நினைவு அந்த 3 வோல்ட் பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது. தேதி தப்பினால் அரசு இணையதளங்கள் கூட "பாதுகாப்பற்றது" என்று சொல்லித் திறக்காது, அதை நெட் கோளாறு என்று நினைத்து வேறு அலைவோம். வாட்ச் கடையிலேயே அந்த பேட்டரி கிடைக்கும். எஸ்.எஸ்.டி. போடும் அன்றே மாற்றிவிடுங்கள், கேபினெட்டைத் திறந்த கையோடு ராம் (நினைவகம்) அட்டையைக் கழற்றி அதன் தங்கநிற முனைகளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்துப் போடுங்கள். பனியும் மூட்டமும் உள்ள ஊரில் அந்த முனைகளில் படலம் ஏறுவது சகஜம், பாதி "டிஸ்ப்ளே வரவில்லை" கேஸ்கள் இதில் தீர்ந்திருக்கின்றன.

ஏ.எச்.சி.ஐ. விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. உங்கள் பழைய விண்டோஸ் ஐ.டி.இ. மோடில் இன்ஸ்டால் ஆனதாக இருந்தால், பயாஸில் சட்டென்று ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்றினால் நீலத் திரை வரும். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் எழும் முறை) எழும்படி அமைத்துவிட்டு, ரீஸ்டார்ட் செய்து, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழுந்த பிறகு பழையபடி அமையுங்கள். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள், பூட் பகுதி அதில்தான் இருக்கிறது. மிச்ச இடத்தில் தினமும் கடை மூடும்போது முக்கிய ஃபோல்டர்களை நகலெடுக்க வையுங்கள். ஹார்ட் டிஸ்க் பல நேரம் சாகும் முன் கரகரவென்று சத்தம் போட்டுச் சொல்லும், எஸ்.எஸ்.டி. பல நேரம் எதுவும் சொல்லாமல் ஒரே நாளில் போய்விடும்.

உங்கள் போர்டின் மாடல் எண் ஸ்லாட்டுகளுக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதையும், பயாஸுக்குள் யு.இ.எஃப்.ஐ. என்ற சொல் எங்காவது கண்ணில் படுகிறதா என்பதையும் கீழே கருத்தில் எழுதுங்கள். லினக்ஸா விண்டோஸா என்று முடிவு செய்ததும் சொல்லுங்கள், மாலை ஏழு மணிக்கு மேல் உட்கார்ந்து படிப்படியாகப் பதில் போடுகிறேன்.