பழைய லேண்ட் குரூசர் 80, மேட்டில் மெதுவாக ஏறும்போது மட்டும் சூடாகிறது. ரேடியேட்டரை மாற்ற வேண்டுமா?

அவசரப்பட்டு ரேடியேட்டரில் காசைக் கொட்டாதீர்கள். ஹைவேயில் டெம்பரேச்சர் முள் அசையாமல் நின்று, மேட்டில் மட்டும் அது உயர்ந்தால் பெரும்பாலும் காற்றுதான் போதவில்லை. முதல் சந்தேகம் விஸ்கஸ் ஃபேன் கிளட்ச், அதாவது சூடு ஏறும்போது ஃபேனை என்ஜினோடு இறுக்கிச் சுழற்றும் பாகம். நன்கு சூடான என்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுண்டுங்கள். இரண்டு மூன்று சுற்று தாராளமாக ஓடினால் கிளட்சில் பிடிப்பு இல்லை. உள்ளிருக்கும் சிலிக்கான் ஆயில் கசிந்திருக்கும். கிளட்சின் முகத்தில் பிசுக்கோடு புழுதி அப்பியிருப்பது அதற்குச் சாட்சி.

கிளட்சைப் பிரித்து 10,000 சி.எஸ்.டி. (ஆயிலின் கெட்டித்தன்மை அளவு) சிலிக்கான் ஆயில் ஊற்றினால் பிடிப்பு கூடும். இரைச்சலும் கூடும், அது போகட்டும்.

ஃபேனைச் சுற்றியுள்ள கூடான ஷ்ரவுட் உடைந்திருந்தால் மாற்றுங்கள். இல்லையேல் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்துச் சூட்டுக் காற்றையே சுழற்றும். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அடைந்த சேற்றை, என்ஜின் ஆறியபின், அழுத்தம் குறைந்த தண்ணீரால் கழுவுங்கள். ரேடியேட்டரில் ஊற்றுவது கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதியாக இருக்கட்டும்.