ஜாம்பியா கிராமப் பள்ளிக் குழந்தையின் படிப்புச் செலவை ஏற்பது எப்படி?

கேள்வி: ஜாம்பியாவில் ஒரு கிராமத்துச் சமூகப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் சிறுமியின் படிப்புச் செலவை ஏற்கும்படி ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் கேட்கிறது. மாதம் 30 டாலர். கொடுக்க ஆசைதான். பணம் அவளுக்குப் பயன்படுமா, எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், இந்தியாவிலிருந்து எப்படி அனுப்புவது? – சென்னை வாசகி

பதில்: அவள் மூன்றாம் வகுப்பில் இருக்கும்வரை பணத்தை அவள் பெயருக்குக் கொடுக்காமல் அந்தப் பள்ளிக்குக் கொடுங்கள். தொடக்கப் பள்ளியை முடித்து உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போது அவள் பெயரிலேயே பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். இப்படிப் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ஜாம்பியாவில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2002 முதலே கட்டணம் இல்லை. 2022 ஜனவரியிலிருந்து அரசு உயர்நிலைப் பள்ளிகளிலும் இல்லை. ஆகவே ‘பள்ளிக் கட்டணத்துக்காக’ என்று யாராவது பணம் கேட்டால், எந்தப் பள்ளியின் என்ன கட்டணம் என்று முதலில் கேளுங்கள். சமூகப் பள்ளிகளின் கதை வேறு. அரசுப் பள்ளி தொலைவில் இருந்த ஊர்களிலும், எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த குழந்தைகள் பெருகிய ஊர்களிலும் 1990களில் ஊர்மக்களே எழுப்பிய பள்ளிகள் இவை. 2011-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இவற்றை அங்கீகரித்தது. சில பள்ளிகளுக்கு அரசு ஆசிரியரை அனுப்புகிறது. மற்றவை, பெற்றோர் குழு திரட்டித் தரும் சொற்பத் தொகைக்குப் பாடம் நடத்தும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த உள்ளூர் இளைஞர்களை நம்பி ஓடுகின்றன.

இத்தகைய பள்ளியில் முதலில் ஆட்டம் காண்பது ஆசிரியரின் வருகைதான். மழை தொடங்கும் நவம்பரில் மக்காச்சோளம் விதைக்க வேண்டும். ஜனவரியில் களையெடுப்பு. கையில் ஊதியம் இல்லாத ஆசிரியர் அந்த வாரங்களில் தன் வயலுக்குப் போவார், அதில் அவரைக் குறை சொல்ல இடமே இல்லை. மூன்று பேர் நடத்தும் பள்ளியில் ஒருவர் வராவிட்டால் இரண்டு மூன்று வகுப்புகள் ஒரே அறைக்குள் அடைபடும். சிறுமியின் சீருடைக்கு நீங்கள் கொடுத்த பணம் அன்று அவளுக்கு எதையும் கற்றுத் தராது. அதனால் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஆசிரியர் ஊக்கத்தொகை விடுமுறை மாதங்களும் சேர்த்து 12 மாதமும் உண்டா, யார் கையால், எந்தத் தேதியில் போகிறது? ‘பள்ளி நடக்கும் மாதங்களுக்கு மட்டும்’ என்று பதில் வந்தால், ஆண்டுக்கு ஒருமுறை ஆசிரியர் மாறும் பள்ளி அது என்று எதிர்பார்க்கலாம்.

அடுத்தது சோறு. பழைய அறுவடை தீர்ந்து புது அறுவடை வராத பசிக்காலம் அங்கே டிசம்பர் முதல் மார்ச் வரை. முதல் பருவம் தொடங்குவதோ ஜனவரியில். பருவத்தின் முதல் பாதியில் வருகைப்பதிவு சரிவது பெரும்பாலும் இதனால்தான். 2024-இல் வறட்சியைத் தேசியப் பேரிடராக அரசு அறிவிக்க வேண்டியிருந்தது. காலைக் கஞ்சிக்குக் கணக்குப் போடுவது சுலபம்: பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் மக்காச்சோள மாவு, 120 பிள்ளைகள், ஒரு பருவத்துக்கு 65 பள்ளி நாள் என்றால் 780 கிலோ. அங்கே மாவு 25 கிலோ மூட்டையாக விற்கும், ஆக 32 மூட்டை. இதோடு சர்க்கரை அல்லது நிலக்கடலை, விறகு, சமைப்பவருக்குக் கூலி, எலி நுழையாத கிடங்கு. கிடங்கை மறந்துவிடும் திட்டங்கள் நிறைய. மழைக்காலத்தில் மண்தரையில் அடுக்கிய மாவு பூஞ்சை பிடித்துவிடும். பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்கியிருக்கிறார்களா என்று ஒரு புகைப்படம் கேளுங்கள்.

புத்தகம் வாங்கித் தரலாமே என்று தோன்றும். கென்யாவின் புசியா பகுதியில் 1990களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆங்கிலப் பாடநூல்களைக் கொடுத்தபோது, ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்கள் மட்டுமே முன்னேறினார்கள். மற்றவர்களால் அவற்றை வாசிக்கவே முடியவில்லை. ஜாம்பியாவில் தொடக்க வகுப்புகள் அந்தந்த வட்டார மொழியில் நடக்கின்றன. ஊரைப் பொறுத்து அது பெம்பா, நியாஞ்சா, டோங்கா என்று மாறும். மூன்றாம் வகுப்புச் சிறுமிக்கு அந்த மொழியில் எளிய வாசிப்பு நூல் வேண்டும். வகுப்பைப் பார்க்காமல் வாசிக்கும் நிலையைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்துச் சொல்லித்தரும் ‘கேட்ச் அப்’ முறை, ஜாம்பியா அரசுப் பள்ளிகளில் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை நடக்கிறது. நம் நாட்டுக் கல்வித் தொண்டு நிறுவனமான பிரதம் உருவாக்கிய முறையிலிருந்து பிறந்தது. உங்கள் பள்ளியின் ஆசிரியர்களுக்கு அந்தப் பயிற்சி கிடைத்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் உங்கள் பணத்தில் ஒரு பங்கு அதற்குப் போகட்டும்.

இனி, உயர்நிலைப் பள்ளி. பெரும்பாலான சமூகப் பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றுவிடும். அதற்கு மேல் படிக்க அரசுப் பள்ளிக்குப் போக வேண்டும், அது தினமும் நடந்து போகும் தொலைவில் இருக்காது. கட்டணம் இல்லாவிட்டாலும் விடுதிச் செலவு உண்டு. விடுதியில் சேரும் பிள்ளை மெத்தை, போர்வை, பெட்டி, வாளி, சோப்பு, சில இடங்களில் மண்வெட்டி வரை தானே கொண்டுபோக வேண்டும். இதைத் திரட்ட முடியாத குடும்பத்துப் பெண்கள் பள்ளிக்கு அருகே ஒரு குடிசையை வாடகைக்கு எடுத்து, தாங்களே சமைத்து, பெரியவர் துணையில்லாமல் தங்குகிறார்கள். கர்ப்பமும் படிப்பு நிற்பதும் தொடங்கும் இடம் பெரும்பாலும் அந்தக் குடிசைதான். தனி ஒரு குழந்தைக்காக ஒதுக்கும் பணம் முழுப் பலன் தருவது இந்தக் கட்டத்தில்.

அப்போது மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, கடைசி வகுப்பு வரை பொறுப்பு. 2025-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பழைய எட்டாம் வகுப்பு ‘ஃபார்ம் 1’ ஆகிவிட்டது. அங்கிருந்து நான்கு ஆண்டு. இடையில் நீங்கள் நிறுத்த நேர்ந்தால் நிறுவனம் தன் பொது நிதியிலிருந்து தொடருமா என்பதும் அதில் இருக்க வேண்டும். இரண்டு, தொகுதி வளர்ச்சி நிதியிலிருந்து அரசு தரும் விடுதி உதவித்தொகைக்குச் சிறுமி விண்ணப்பித்திருக்கிறாளா? அந்த விண்ணப்பம் வார்டு வளர்ச்சிக் குழு வழியாகப் போகும். கிடைத்தால் உங்கள் பணத்தைச் சாமான்களுக்கும் போக்குவரத்துக்கும் திருப்பலாம். மூன்று, அவள் கர்ப்பமானால் என்ன செய்வார்கள்? பிரசவத்துக்குப் பின் பள்ளிக்குத் திரும்ப 1997 முதல் அங்கே அரசுக் கொள்கை இடம் தருகிறது. ‘அந்தச் சிறுமிக்குப் பதிலாக நீங்கள் உதவ வேறொரு சிறுமியைத் தருகிறோம்’ என்று சொல்லும் நிறுவனம் வேண்டவே வேண்டாம்.

தினமும் போய்வரும் தொலைவு என்றால் சைக்கிள் நல்ல செலவு. தமிழ்நாட்டில் நமக்குப் பழகிய விஷயம்தான். ஜாம்பியாவின் மோன்சே, கலோமோ, மும்ப்வா மாவட்டங்களில் மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்து நடத்திய ஆய்வில், பயண நேரம் மூன்றில் ஒரு பங்கும் பள்ளிக்கு வராத நாட்கள் கால் பங்குக்கு மேலும் குறைந்தன. டயர், டியூப், செயின், ஊரில் பழுதுபார்க்க ஒரு ஆள் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லையென்றால் வண்டி சீக்கிரமே மூலையில் சாய்ந்துவிடும்.

நிறுவனத்தைச் சரிபார்க்க, அது ஜாம்பியாவில் எந்தச் சட்டத்தின்கீழ் பதிவானது என்று எண்ணோடு கேளுங்கள். பள்ளி, மாவட்டக் கல்வி வாரியச் செயலர் அலுவலகத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத பள்ளியின் பிள்ளைகள் பொதுத்தேர்வுக்குப் பதிவு செய்யும்போது சிக்கல் வரும். பருவத்துக்கு ஒருமுறை மதிப்பெண் அட்டை, வருகை நாட்களின் எண்ணிக்கை, அந்நாட்டு நாணயமான குவாச்சாவில் செலவுக் கணக்கு இவை மூன்றும் வந்தால் போதும். மாதாமாதம் பிள்ளைகளின் வண்ணக் கடிதம் அனுப்பும் இடத்தில், ஆசிரியரின் நேரம் அவர்களைக் கடிதம் எழுத வைப்பதில் கழிகிறது.

சிறுமியின் படம், முழுப்பெயர், ஊர் மூன்றையும் சேர்த்து வாட்ஸ்அப்பிலோ ஃபேஸ்புக்கிலோ போடாதீர்கள். குடும்பத்துக்கு நேரடியாகப் பணமோ பரிசோ அனுப்பவும் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு மனக்கசப்பு வரும், ‘இன்னும் கொஞ்சம் கேள்’ என்ற நெருக்கடி குழந்தையின் தலையில் விழும்.

பணம் அனுப்பும் வழி: ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், நன்கொடையும் இதில் அடங்கும். வங்கியில் பான் எண்ணோடு, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு அறநிறுவனத்துக்கான நன்கொடைக்குக் குறியீடு எஸ்1303. மாதம் 30 டாலராக அனுப்பினால் ஒவ்வொரு முறையும் வங்கிக் கட்டணமும் இடைத்தரகு வங்கியின் பிடித்தமும் போய், பாதிகூட மிஞ்சாமல் போகலாம். ஆண்டுத் தொகை 360 டாலரை ஒரே தவணையாக நவம்பரில் அனுப்புங்கள், பிடித்தச் செலவு முழுவதும் உங்களுடையது என்று படிவத்தில் குறியுங்கள். ஜனவரியில் பள்ளி திறக்குமுன் பணம் கையில் இருக்கும். இந்த நன்கொடைக்கு 80ஜி வரிச்சலுகை கிடையாது. ‘80ஜி ரசீது தருகிறோம், பணம் ஆப்பிரிக்காவுக்குப் போகிறது’ என்று இங்குள்ள அறக்கட்டளை சொன்னால், தணிக்கையாளரிடம் காட்டாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.